ஜீப் வண்டி யாருக்கு?

ஜப்பானில் 2025-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதியன்று ஒரு மோட்டார் வண்டி விற்பனைக்கு அறிவிக்கப்பட்டது. சுஸுகி கம்பெனியின் "ஜிம்னி நோமேட்" என்பது அதன் பெயர். ஐந்து கதவுகள் கொண்ட சிறிய ஜீப். மாதத்துக்கு 1,200 வண்டி விற்றால் போதும் என்று கம்பெனி உத்தேசித்திருந்தது. ஆனால் நான்கே நாளில் ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். கம்பெனியின் மாதக் கணக்குப்படி கொடுத்துக்கொண்டு போனால் கடைசி ஆளுக்கு வண்டி கிடைக்க மூன்றரை வருஷம் பிடிக்கும். "இனிமேல் ஆர்டர் எடுப்பதற்கில்லை" என்று பிப்ரவரி 3-ஆம் தேதி கம்பெனியே கதவைச் சாத்திவிட்டது.

ஜப்பானில் ஒரு வண்டிக்குக் கிராக்கி ஏற்பட்டால் இந்தியாவுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். அந்த வண்டி ஜப்பானில் செய்யப்படுவதல்ல. தில்லியை அடுத்த குருகிராமில், மாருதி தொழிற்சாலையில், இந்தியத் தொழிலாளர்களின் கையால் உருவாகிக் கப்பல் ஏறுவது. அதே வண்டி 2023 ஜூன் மாதம் முதல் இந்தியக் கடைகளிலும் விற்கப்பட்டு வருகிறது. இங்கே அதற்காக யாரும் மூன்று வருஷம் காத்திருக்கவில்லை. காட்சிக்கு வைத்தபோது முப்பதாயிரம் பேர் வரையில் பெயர் பதிவு செய்தது உண்மை. ஆனால் அந்த உற்சாகம் ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. 12 லட்சத்து 74 ஆயிரம் ரூபாயில் ஆரம்பித்த விலையை, அதே வருஷம் டிசம்பரில் சுமார் இரண்டு லட்சம் குறைத்துப் பார்த்தார்கள். அப்படியும், பின்னர் வந்த சில மாதங்களில் இந்தப் பரந்த தேசம் முழுவதிலும் சேர்த்து ஆயிரம் ஜிம்னி விலைபோகவில்லை.

இனி, அடுத்த கடையைப் பார்ப்போம். 2024 அக்டோபர் 3-ஆம் தேதி மகீந்திரா கம்பெனி தனது "தார் ராக்ஸ்" என்ற ஐந்து கதவு ஜீப்புக்குப் பதிவு ஆரம்பித்தது. முதல் ஒரு மணி நேரத்தில் பதிவு செய்தவர்களின் எண்ணிக்கை 1,76,218! ஒரு ஜீப் வாசலில் தள்ளுமுள்ளு, இன்னொரு ஜீப் வாசலில் ஈ ஓட்டம்.

ஒன்று நல்ல வண்டி, மற்றொன்று மட்டம் என்று சொல்லி முடித்துவிடலாமா என்றால், ஜப்பானியர் அதற்கு ஒப்பமாட்டார்கள். மலையும் பனியும் ஒடுங்கிய பாதையும் நிறைந்த அவர்கள் நாட்டில் ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஜிம்னியை ஓட்டிப் பார்த்தவர்கள் அவர்கள். ஆகவே வித்தியாசம் வண்டியில் மட்டும் இல்லை, வாங்குகிறவர்களிடத்திலும் இருக்கிறது.

போர்க்களத்தில் பிறந்த பிள்ளை

ஜீப் என்பதே யுத்தத்தின் குழந்தை. 1940-இல் அமெரிக்க ராணுவம், எடை குறைந்ததாகவும் நான்கு சக்கரங்களும் இழுக்கக் கூடியதாகவும் ஒரு சிறு வண்டி வேண்டுமென்று மோட்டார் கம்பெனிகளைக் கேட்டது. பாண்டம் என்ற சின்னக் கம்பெனி முதலில் மாதிரியைச் செய்து கொடுத்தது. ஆனால் அவ்வளவு சிறிய கம்பெனியால் லட்சக்கணக்கில் செய்துதர முடியாது என்று கருதிய ராணுவம், பெரிய உற்பத்தியை வில்லிஸ், போர்டு ஆகிய இருவரிடமும் ஒப்படைத்தது. யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகள் தயாராயின. பர்மாக் காட்டிலிருந்து பிரான்ஸ் கடற்கரை வரையில் அது போகாத இடம் இல்லை. மூலமாதிரியைக் கொடுத்த பாண்டம் கம்பெனிக்குக் கடைசியில் ஜீப்பின் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லர் செய்யும் வேலைதான் கிடைத்தது!

இந்தியாவில் அந்த ஜீப்பை ஒன்று சேர்த்து ஓடவிட்டவர்கள் மகீந்திரா சகோதரர்கள். 1945-இல் "மகீந்திரா அண்டு முகம்மது" என்ற பெயரில் இரும்பு வியாபாரமாகத் தொடங்கிய கம்பெனி அது. கூட்டாளியான மாலிக் குலாம் முகம்மது, தேசப் பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குப் போய் அங்கே முதல் நிதி மந்திரியானார். பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். இங்கே இருந்தவர்கள் நாற்பதுகளின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்துப் பம்பாயில் பூட்டினார்கள். அன்று முதல் கலெக்டர் ஜீப், தாசில்தார் ஜீப், பொதுப்பணித் துறை ஜீப், தேர்தல் ஜீப் எல்லாம் மகீந்திராவினுடையவையே. கிராமத்துக்கு ஜீப் வந்தால் அரசாங்கம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த வம்சத்தில் வந்ததுதான் தார். ராஜஸ்தானத்துப் பாலைவனத்தின் பெயர். 2010-இல் முதல் தார் வெளிவந்தது. பழைய ஜீப்பின் முகமும், கித்தான் கூரையும், கொஞ்சம் திருத்திய எந்திரமும் கொண்ட முரட்டு வண்டி. மழை பெய்தால் உள்ளே ஒழுகும்; உட்கார்ந்து போகிறவனின் இடுப்பைப் பரீட்சை செய்யும். 2020-இல் வந்த இரண்டாவது தார் அப்படியல்ல. ஏர்கண்டிஷன், தானியங்கி கியர், கெட்டிக் கூரை, தொடுதிரை எல்லாம் உள்ள நாகரிக வண்டி. விபத்துச் சோதனையில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரமும் பெற்றது. அதன் முதல் வண்டி மட்டும் தருமத்துக்காக ஏலம் விடப்பட்டு 1 கோடியே 11 லட்சம் ரூபாய்க்குப் போயிற்று. பழைய ஜீப்பை ஏலத்தில் எடுத்தவர்கள் உண்டு, அதெல்லாம் அரசாங்க அலுவலகத்துத் தட்டுமுட்டுச் சாமானோடு சேர்ந்த ஏலம். இது வேறு விதமான ஏலம்.

ஜிப்ஸியின் வாரிசு

ஜிம்னியின் வம்சம் வேறு. ஜப்பானில் ஹோப் என்னும் சிறு கம்பெனி செய்துகொண்டிருந்த நான்கு சக்கர இயக்க வண்டியின் உரிமையைச் சுஸுகி வாங்கி, 1970-இல் முதல் ஜிம்னியை வெளியிட்டது. அதன் எந்திரம் 359 சி.சி. இன்றைக்குப் புல்லட் மோட்டார் சைக்கிளில் இருப்பதைப் போன்ற அளவுதான். தேங்காய் மூடி அளவு எந்திரத்தை வைத்துக்கொண்டு மலை ஏறுகிறதே என்று பார்த்தவர்கள் அதிசயித்தார்கள். ரகசியம் எடையில் இருந்தது. கனம் குறைந்த வண்டிக்குப் பெரிய பலம் வேண்டியதில்லை; சேற்றிலும் புதையாது.

இந்தக் குடும்பத்தின் நீளமான பிரதி ஒன்றுதான் 1985 டிசம்பரில் "மாருதி ஜிப்ஸி" என்று இந்தியாவுக்கு வந்தது. போலீஸார் அதை விரும்பினார்கள். ராணுவம் இன்னும் அதிகமாக விரும்பியது. அதற்கு முன் ராணுவத்தில் ஓடிக்கொண்டிருந்த "ஜோங்கா", ஜபல்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்ட நிஸான் மாதிரி. ஆனைப் பலம், ஆனைத் தீனி. ஜிப்ஸியோ குதிரைக்குட்டி. சியாச்சின் அடிவாரம் முதல் ராஜஸ்தான் மணல் வரையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜிப்ஸிகளை ராணுவம் வாங்கியிருக்கிறது. பொதுமக்களில் ஜிப்ஸி வாங்கியவர்கள் எப்போதுமே சிலர்தாம். தோட்ட முதலாளிகள், வேட்டைப் பிரியர்களின் வாரிசுகள், மோட்டார் பந்தயக்காரர்கள், இமயமலைப் பக்கம் போகிற பைத்தியங்கள். புதிய பாதுகாப்பு விதிகளும் புகை விதிகளும் வந்தபோது, இந்தச் சிலருக்காக வண்டியைத் திருத்திச் செலவு செய்ய மாருதிக்கு மனம் வரவில்லை. 2019-இல் பொதுமக்களுக்கான ஜிப்ஸி விற்பனை நின்றது. அப்போது பத்திரிகைகளில் இரங்கல் எழுதியவர்களின் எண்ணிக்கை, கடைசி வருஷத்தில் ஜிப்ஸி வாங்கியவர்களின் எண்ணிக்கையைவிட அதிகமாயிருந்திருக்கும்!

நாலு சக்கரம் இழுப்பதென்றால்

சாதாரணக் காரில் எந்திரத்தின் பலம் இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது. அந்த இரண்டும் சேற்றில் வழுக்கினால் மற்ற இரண்டும் சும்மா வேடிக்கை பார்க்கும். ஜீப்பில் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் முன் சக்கரங்களுக்கும் பலம் போகிறது. இன்னும் ஒரு படி தள்ளினால் தாழ்ந்த கியர் விழுகிறது. வேகம் நத்தை வேகமாகிவிடும். இழுப்பு மட்டும் இரண்டு மூன்று மடங்காகும். பாறைப் பாதையில் ஏறவும், அதைவிட முக்கியமாக, பிரேக்கை நம்பாமல் செங்குத்துச் சரிவில் மெல்ல இறங்கவும் இதுவே துணை. இரண்டாவதாக, ஜீப்புக்கு அடியில் ஏணி போன்ற இரும்புச் சட்டம் உண்டு. மூன்றாவது, மாட்டுவண்டி இருசைப் போல ஒரே துண்டான அச்சு. ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறினால் மறுபக்கச் சக்கரத்தை அது தரையில் அழுத்தும். தார்ச் சாலையில் இதே அச்சு குலுக்கும். காட்டில் இதுவே காப்பாற்றும்.

ஜிம்னியில் முன்னும் பின்னும் இத்தகைய அச்சுத்தான். எல்லா ரகத்திலும் நாலு சக்கர இயக்கமும் தாழ்ந்த கியரும் உண்டு. அது இல்லாத ஜிம்னியை இந்தியக் கடையில் கேட்டாலும் கொடுக்கமாட்டார்கள். எடை சுமார் 1,200 கிலோ. அகலம் 1,645 மில்லிமீட்டர். தாரின் அகலம் 1,820 மில்லிமீட்டர். ஏழு அங்குல வித்தியாசம் என்பது காகிதத்தில் சின்ன விஷயம்; ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் பள்ளமும் உள்ள பாதையில் எதிரே ஒரு வண்டி வந்தால் அதுதான் பெரிய விஷயம்.

ஆனால் ஜிம்னிக்கு 105 குதிரைச் சக்தியுள்ள 1.5 லிட்டர் பெட்ரோல் எந்திரம் ஒன்றே கதி. டீசல் கிடையாது, மாருதி கம்பெனி டீசலை 2020 ஏப்ரலோடு தலைமுழுகிவிட்டது. நாலு பேர் உட்காரலாம், ஐந்தாமவருக்கு இடமில்லை. தாரிலோ 2.2 லிட்டர் டீசல், 2 லிட்டர் டர்போ பெட்ரோல் என்று பெரிய எந்திரங்கள். பெட்ரோல் தாரின் சக்தி 150 குதிரை. முன்னால் தனித்தனி ஸ்பிரிங், பின்னால் மட்டும் ஒரே அச்சு. நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறபோது தார் தயங்குவதில்லை. ஜிம்னி மூச்சு வாங்குகிறது. மூன்றாவது போட்டியாளரான "கூர்க்கா"வையும் சொல்லாமல் விடக்கூடாது. கிராமங்களுக்கு டெம்போவும் டிராக்ஸும் கொடுத்த பூனாக் கம்பெனியின் வண்டி. முன்னும் பின்னும் ஒரே அச்சு. ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்றாலும் மற்றது இழுக்கும்படி பூட்டுகள் இரண்டு அச்சிலும் உண்டு. மூன்றிலும் உண்மையான காட்டாள் அதுவே. கடையில் அதை விசாரிக்கிறவர்கள்தாம் மிகக் குறைவு. ஆனால் 2025-இல் பாதுகாப்புத் துறை 2,978 கூர்க்காக்களுக்கு ஆர்டர் கொடுத்தது. காட்டு வண்டியின் குணம் ராணுவத்துக்குத் தெரிகிறது.

ஆக, கரடுமுரடான பாதைதான் பரீட்சை மண்டபம் என்றால் ஜிம்னியும் கூர்க்காவும் தாருக்கு எந்த வகையிலும் தாழ்ந்தவை அல்ல. அந்த மண்டபத்தில் பரீட்சை நடந்ததா என்பதுதான் கேள்வி.

யார் வாங்குகிறார்கள்?

2023 ஜனவரியில் மகீந்திரா கம்பெனி ஒரு காரியம் செய்தது. தாரின் முன் சக்கரங்களுக்குப் பலம் போகும் ஏற்பாட்டை எடுத்துவிட்டு, 1.5 லிட்டர் சின்ன டீசல் எந்திரத்தை வைத்து, பின் சக்கரம் மட்டும் இழுக்கும் ஒரு தாரை 9 லட்சத்து 99 ஆயிரம் ரூபாய்க்கு வெளியிட்டது. நாலு சக்கரத் தாரின் விலை அப்போது 13 லட்சத்துக்கு மேல். வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே முகம், அதே உருண்டை விளக்கு, அதே உயரம். குதிரையின் உருவத்தை வைத்துக்கொண்டு குதிரையை எடுத்துவிட்டார்கள் என்று ஜீப் அபிமானிகள் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள் தோற்றார்கள். அடுத்த இரண்டே மாதத்தில் இரண்டாவது தாரின் மொத்த உற்பத்தி ஒரு லட்சத்தை எட்டியது. 2024-இல் ராக்ஸ் வந்தபோது கம்பெனிக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ராக்ஸில் பெட்ரோல் வண்டி வேண்டுமென்றால் பின் சக்கர இயக்கம்தான். நாலு சக்கர இயக்கம் உயர்ந்த விலையுள்ள டீசல் ரகங்களில் மட்டும். 12 லட்சத்து 99 ஆயிரத்தில் ராக்ஸ் கிடைக்கும். நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் 18 லட்சத்து 79 ஆயிரம் எடுத்து வைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள்.

வாங்குகிறவர் முட்டாள் என்று நினைத்துவிடக்கூடாது. அவர் கணக்குத் தெரிந்தவர்தான். அவருடைய வண்டி திங்கள் முதல் வெள்ளி வரையில் அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறது. சனிக்கிழமை மகாபலிபுரத்துக்கோ ஏற்காட்டுக்கோ போகிறது. இரண்டு இடத்துக்கும் நல்ல தார்ச் சாலை உண்டு. சேற்றில் இறங்காத வண்டிக்குச் சேற்றுக் கியர் எதற்கு? மழைக்காலத்தில் ஒரு சாண் தண்ணீர் தேங்கும் தெருவில் உயரமான வண்டி சௌகரியம். அதற்கு உயரம் போதும், முன் சக்கரம் இழுக்க வேண்டியதில்லை. குழந்தைகள் பின்னால் ஏற வழி வேண்டும். மூன்று கதவுத் தாரில் அது சர்க்கஸ் வித்தை. ராக்ஸ் வந்ததும் வீட்டில் இருந்த ஆட்சேபணை தீர்ந்தது; விபத்துச் சோதனையில் ஐந்து நட்சத்திரமும் கிடைத்தது. இத்தனையும் நியாயமான காரணங்களே.

இன்னொரு காரணம் கணக்கில் அடங்காது. அது ஹோதா. அம்பாஸடர் கார் போன பிறகு தெருவில் ஒரு வண்டி வந்து நின்றால் நாலு பேர் எழுந்து நிற்கும் காட்சி குறைந்து போயிருந்தது. உயரமாய், அகலமாய், முரட்டு முகத்தோடு வரும் தார் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் ஜிம்னி நின்றால் தம்பி மாதிரித் தெரிகிறது. பதின்மூன்று லட்சம் கொடுத்துத் தம்பி வேஷம் போட யார் முன்வருவார்? ஜப்பானியன் சின்ன வண்டியைப் பார்த்துச் சமர்த்து என்கிறான், இங்கே அதே வண்டியைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்கிறார்கள்.

இந்த ஹோதாவுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 2025 நவம்பரில் ஹரியானா மாநிலப் போலீஸ் தலைவரே பத்திரிகைக்காரர்களிடம், வம்புக்காரர்கள் வலம் வருவது தாரிலும் புல்லட்டிலும்தான், வண்டியைப் பார்த்தாலே ஆளின் மனப்போக்குத் தெரியும் என்ற கருத்தில் பேசினார். தேசம் முழுவதும் சிரிப்பும் கோபமும் கிளம்பின. தார் வைத்திருக்கும் ஒருவர் வக்கீல் நோட்டீஸ் விட்டார். ஒழுங்காக ஓட்டும் ஆயிரக்கணக்கானவர்களை ஒரே கூடையில் போட்டது அதிகாரிக்கு அழகல்ல. ஆனாலும் ஜிம்னியைப் பற்றியோ கூர்க்காவைப் பற்றியோ இந்த மாதிரி ஒருவரும் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பயமுறுத்தும் தோற்றத்துக்காக ஒரு பொருள் விரும்பப்படும்போது, பயமுறுத்த விரும்புகிறவர்களும் அந்த வரிசையில் வந்து நிற்கத்தான் செய்வார்கள்.

தோற்றம் யாருக்குச் சொந்தம் என்று அமெரிக்காவில் ஒரு வழக்கே நடந்தது. மகீந்திரா அங்கே "ராக்ஸர்" என்ற பண்ணை வண்டியை விற்றபோது, ஜீப் என்ற பெயரின் இன்றைய சொந்தக்காரர்கள் அது தங்கள் ஜீப்பின் ஜாடை என்று வழக்காடினார்கள். 2020 ஜூனில் வர்த்தகக் கமிஷன் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ராக்ஸரின் முகத்தை மாற்றிய பிறகு அதே வருஷம் டிசம்பரில் விற்பனைக்கு வழி பிறந்தது. வில்லிஸ் காலத்திலிருந்து உரிமை வாங்கி ஜீப் செய்தவர்களுக்கே இந்தக் கதி. மூக்கும் முழியும் எவ்வளவு விலைபெறும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

வரி அளக்கும் விதம்

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் மத்திய அரசாங்கம் மோட்டார் வரியை மாற்றியது. நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கி, பெட்ரோல் எந்திரமானால் 1,200 சி.சி.க்கும் டீசலானால் 1,500 சி.சி.க்கும் மேற்படாத வண்டிக்கு 18 சதவிகிதம். மற்றவற்றுக்கு 40 சதவிகிதம். விதி எளிமையானதுதான். ஆனால் ஜீப் கடையில் அதன் விளைவு விசித்திரமாயிருக்கிறது. 1.5 லிட்டர் டீசலோடு வரும் இரண்டு சக்கரத் தார் 18 சதவிகிதத்தில் அடங்கிவிட்டது. முன்பு அதற்கு 31 சதவிகிதம். நாலு சக்கரத் தார், ராக்ஸ், கூர்க்கா எல்லாம் 40-இல். ஜிம்னி நான்கு மீட்டருக்குள் இருந்தும் அதன் பெட்ரோல் எந்திரம் 1,462 சி.சி. என்பதால் அதுவும் 40-இல். அதாவது சேற்றில் இறங்காத ஜீப்புக்குச் சலுகை, இறங்குகிற ஜீப்புக்கெல்லாம் உயர்ந்த வரி! அதிகாரிகள் வேண்டுமென்று செய்ததல்ல. அவர்கள் நீளத்தை அளந்தார்கள், எந்திரத்தை அளந்தார்கள். எத்தனை சக்கரம் இழுக்கிறது, எந்தப் பாதையில் இழுக்கிறது என்று அளக்க அவர்கள் கோலில் கோடு இல்லை.

பெரிய வண்டி என்றால் ஆடம்பரம், ஆடம்பரத்துக்கு அதிக வரி என்ற கொள்கை பட்டணத்துக்குச் சரி. மலைமேல் இருப்பவனுக்கு நாலு சக்கர இயக்கம் ஆடம்பரம் அல்ல.

மலைப்பாதை ஜீப்புகள்

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூர் வட்டத்தில், சுமார் எட்டாயிரம் அடி உயரத்தில் கொழுக்குமலை என்ற தேயிலைத் தோட்டம் இருக்கிறது. இடம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. ஆனால் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து அதற்கு வண்டிப் பாதை கிடையாது. கேரளத்துச் சூரியநெல்லிக்குப் போய் அங்கிருந்துதான் ஏற வேண்டும். அது பாதை என்றால் பாதை. பாறைகளின் வரிசை என்றால் அதுவும் சரி. கார் போகாது. ஜீப் மட்டும் போகும். அங்கே வரிசையில் நிற்கும் ஜீப்புகளைப் பார்த்தால் மகீந்திராவின் சரித்திரமே நிற்பது போலிருக்கும். "கமாண்டர்", "மேஜர்" என்று ராணுவப் பட்டம் சூட்டிய பழைய வண்டிகள். தொடுதிரை கிடையாது, ஏர்கண்டிஷன் கிடையாது. நெம்புகோலில் டிரைவர் கை வைத்த இடம் தேய்ந்து மின்னுகிறது. சூரியோதயம் பார்க்க வருகிற பட்டணத்துக்காரர்கள் பலர் தங்கள் பளபளப்பான உயர்ந்த வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு, இந்தக் கிழ ஜீப்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள்.

சுற்றுலாக்காரர்களாவது ஒரு நாள் குலுங்கிவிட்டுப் போகிறவர்கள். கம்பம், போடி பகுதிகளிலிருந்து இடுக்கி ஜில்லாவின் ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஜீப் அன்றாடத் தேவை. விடிவதற்கு முன் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நிற்பார்கள். ஜீப்பில் எத்தனை பேர் உட்கார வேண்டும் என்று சட்டம் சொல்கிறதோ அதைப் போல் இரண்டு பங்கு ஏறுவதும் உண்டு. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலை ஏறித் தோட்டத்துக்குப் போய், மாலையில் அதே வழியாக இறங்குகிறார்கள். ஜீப் கவிழ்ந்து தொழிலாளிகள் மாண்ட செய்தி இந்தப் பாதைகளிலிருந்து அவ்வப்போது வருகிறது. வரும்போது ஒரு வாரம் சோதனை நடக்கும், அபராதம் போடுவார்கள். ஏற்றாமல் விட்டால் அன்றைக்குக் கூலி போயிற்றே என்று அந்தப் பெண்களே வருத்தப்படுவார்கள்.

இவர்களை ஏற்றிச் செல்லும் கமாண்டரும் மேஜரும் இப்போது புதிதாக உற்பத்தியாவதில்லை. அந்த வம்சத்தின் பெயரைச் சொல்லும் தாரோ நாலு பேருக்கான வண்டி. 2020-இல் அது வெளிவந்தபோது பின்னால் எதிரெதிராக உட்காரும் பக்கவாட்டு இருக்கைகளோடு, ஆறு பேர் ஏறும் மலிவான ரகம் ஒன்றும் இருந்தது. சில மாதங்களிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். பக்கவாட்டில் உட்காருகிறவருக்கு விபத்தில் பாதுகாப்புக் குறைவு என்பது வாஸ்தவம். அந்த இருக்கை போனதால் மலையில் பக்கவாட்டில் உட்காருவது நிற்கவில்லை. பழைய ஜீப்பில், பட்டையும் பலூனும் இல்லாமல், முன்னைப் போலவே உட்காருகிறார்கள்.

கம்பெனிகளின் பேரில் மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. பட்டணத்துக்காரர் பதினைந்து லட்சம் கொடுத்து வாங்காவிட்டால் ஜீப் தயாரிப்பே நின்றுபோகும். ஜிப்ஸி போனதே அதற்கு உதாரணம். தாரின் நாலு சக்கர ரகம் இன்றும் கிடைக்கிறதென்றால், அதன் சேற்றுக் கியரை ஒரு தடவைகூடப் போடாத ஆயிரக்கணக்கானவர்களின் பணம் அதற்கு ஒரு காரணம். ஆனால் எந்தக் கதவு வேண்டும், எந்த இருக்கை வேண்டும், எத்தனை பேர் உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பதும் அவர்கள் பணம்தான். மலைக்காரன் கேட்பது ஏர்கண்டிஷன் இல்லாத, எட்டுப் பேருக்கு இடமுள்ள, ஊர்க் கொல்லன் பட்டறையில் பழுது பார்க்கக்கூடிய, நாலு சக்கரமும் இழுக்கும் ஒரு வண்டி. அவன் ஒரு மணி நேரத்தில் 1,76,218 பேராக வந்து பதிவு செய்யப்போவதில்லை.

ஆகவே பழைய ஜீப்புக்கு மலைப் பக்கத்தில் கிராக்கி குறையவில்லை. ஒன்றின் கியர்ப் பெட்டியை எடுத்து இன்னொன்றில் பொருத்துகிறார்கள். துருப்பிடித்த தளத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு ஒட்டுகிறார்கள். 2022 ஏப்ரலில், பதினைந்து வருஷம் கடந்த வாடகைக் காருக்குத் தகுதிச் சான்று வாங்கும் கட்டணத்தை மத்திய அரசாங்கம் 1,000 ரூபாயிலிருந்து 7,000 ரூபாயாக உயர்த்தியது. பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து அகற்றுவது அதன் நோக்கம். பட்டணத்தில் அந்தக் கணக்குப் பலித்திருக்கலாம். மலையில், பழைய ஜீப்பைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் என்ன வாங்குவது என்று சொந்தக்காரருக்குத் தெரியவில்லை. கடன் வாங்கியாவது சான்றை வாங்கி, பிரேக்கைச் சரிபார்த்து, விடியற்காலை நாலு மணிக்கு வண்டியைக் கிளப்பிக்கொண்டு வருகிறார்.